அரக்கு உட்பட நிறை: பழைய பொன், முத்து நகைகளைப் பார்க்கப் பழகுவது

புதுச்சேரி நேரு வீதியில் நகைக்கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ‘ஆன்டிக் நகைகள்’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. உள்ளே போய்க் கேட்டால் சென்ற மாதம் செய்து வந்த ஆரம் ஒன்றை எடுத்து வைப்பார்கள். பளபளப்பைக் குறைத்து, பள்ளங்களில் கருமை ஏற்றி, பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் தோன்றச் செய்த புது நகை அது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விற்கிறவரும் வாங்குகிறவரும் அதை ஒரு மெருகின் பெயராகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து, பாரதி பூங்காவை ஒட்டிய செயின்ட் லூயி வீதிக்குப் போனால் புதுச்சேரி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழையது என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

சட்டம் ஒரு எளிய கோடு போட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்துவரும் கலைப்பொருள், கைவினைப்பொருள் போன்றவை தொல்பொருள். தனியார் யாரும் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கோடு சட்டத்துக்குச் சரி. கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நிற்கும் நமக்கு அது போதாது. ஒரு நகை எப்போது செய்யப்பட்டது என்பதைவிட, இத்தனை காலம் அது எப்படி உருகாமல் தப்பியது என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தையை ஒருமுறை இந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அரிக்கமேட்டிலிருந்து வந்த மணிகள் இருக்கும் பேழைக்கு முன்னால் நின்றோம். கண்ணாடி மணிகள், கல் மணிகள். அத்தை இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, தங்கம் எங்கே?” என்று கேட்டார். அருகில் நின்ற காவலாளி சிரித்துவிட்டார். அவரிடம் தினமும் யாராவது கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும்.

அத்தையின் கேள்வி நல்ல கேள்வி. பழந்துறைமுகமான அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1930களில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய், ஊர்ப் பிள்ளைகள் அங்கே பொறுக்கிவந்த மணிகளையும் சிறு பொருள்களையும் சேர்க்கத் தொடங்கினார். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானியர் ஒயின் கொண்டுவந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலியில் செய்த சிவப்பு மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. மணிகளோ ஏராளம்: சூதுபவளம், பளிங்கு, செவ்வந்திக்கல், கார்னெட், கண்ணாடி; பாதி செய்து கைவிட்டவை, துளை போடும்போது உடைந்தவை. பொன் மட்டும் அரிதிலும் அரிது. ரோமிலிருந்து ஆண்டுதோறும் இத்தனை பணம் கிழக்கே போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்த காலம் அது. வந்த பொன்னெல்லாம் எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. உருகிப்போயிற்று. பொன் துருப்பிடிக்காது, மக்காது, தீயில் வேகாது. அந்தக் குணம்தான் நகைக்கு எமன். உடைந்த கண்ணாடி மணியை யாரும் உருக்கி விற்க மாட்டார்கள். மண்ணில் வீசிவிடுவார்கள், அது இரண்டாயிரம் ஆண்டு அங்கேயே கிடக்கும். உடைந்த பொன் வளையலை யாரும் வீசியதில்லை. பேத்தியின் காதோலை ஆகும், அவள் பேத்தியின் மூக்குத்தி ஆகும். நீங்கள் போட்டிருக்கும் மோதிரத்தில் சோழர் காலப் பொன் ஒரு துளி கலந்திருக்கலாம்; இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பொன் சாகாது, நகைதான் தலைமுறைக்கு ஒரு முறை செத்துப் பிறக்கிறது.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மீது ஓர் உளிவெட்டு. நாணயமாக இனிச் செல்லாது, எடைக்கு எடை பொன்னாக மட்டும் கொள்க என்பதற்கான அடையாளம் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். இந்த ஊர் அன்றைக்கே பொன்னை எடையாகத்தான் பார்த்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படியானால் தப்பியவை எப்படித் தப்பின? பெரும்பாலும் யாரும் கைவைக்க முடியாத இடத்தில் கிடந்ததால். புதுச்சேரி வட்டாரத்திலேயே சுத்துக்கேணியின் பழைய ஈமக்குழிகளில் பொன்னணிகள் கிடைத்தன. புதைத்தவர்கள் திரும்ப எடுக்கவில்லை, அதனால் உருகவில்லை. இன்னொரு வழி, அவசரத்தில் பானையில் போட்டுப் புதைத்துவிட்டு, புதைத்தவர் திரும்பி வராமல் போவது. அப்படி வயலில் ஏதாவது ஏர்முனையில் தட்டுப்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் வரம்பு பத்து ரூபாய். அந்தக் காலத்துப் பத்து ரூபாய்.

எங்கள் வீட்டிலும் ஒரு நகை செத்தது.

என் பாட்டியிடம் ஒரு குண்டுமாலை இருந்தது. நெல்லிக்காயில் பாதி அளவுக்குப் பொன் உருண்டைகள், இடையிடையே முத்து. ஒரு கல்யாணத்துக்காக அதைக் கொடுத்துப் புது நகை வாங்குவது என்று முடிவாயிற்று. கடைத் தராசில் வைத்தபோது ஆறு பவுனை ஒட்டிக் காட்டியது. பிறகு உருண்டைகளைச் சுட்டார்கள். உள்ளே இருந்து அரக்கு கொப்பளித்து வழிந்து எரிந்தது. மீண்டும் நிறுத்தபோது நான்கு பவுன்கூடத் தேறவில்லை. பாட்டி கடைசிவரை, கடையில் ஏதோ நடந்துவிட்டது என்றே நம்பினார். எதுவும் நடக்கவில்லை. அந்த உருண்டைகள் தொடக்கத்திலிருந்தே மெல்லிய பொன் தகடும் அரக்கும்தான். அதை எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. முத்துகளை, “இதற்கெல்லாம் விலை இல்லைம்மா” என்று சொல்லி ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொட்டலம் இன்னும் அத்தையின் பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரக்கை ஏன் உள்ளே வைத்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பொன் மிக மென்மையானது. அதை இழுத்தால் நீளும், தட்டினால் விரியும்; ஒரு கிராமைத் தட்டி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இலையாக்கலாம். இந்தக் குணத்தால் கொஞ்சம் பொன்னில் பெரிய உருண்டை செய்ய முடிகிறது. ஆனால் உள்ளே வெறுமையாக இருந்தால் கை பட்டாலே நசுங்கும். ஆகவே தகட்டை உருண்டையாக்கி, சூடாக்கிய அரக்கை உள்ளே ஊற்றி நிரப்புவார்கள். வடிவம் நிற்கும், காதுக்கும் கழுத்துக்கும் பாரம் குறையும், செலவும் குறையும். தென் மாவட்டத்துப் பாட்டிமார் தோள்வரை தொங்கவிட்ட பாம்படத்திலும் இதே உபாயம்தான். அத்தனை பெரிய நகை முழுப் பொன்னாக இருந்திருந்தால் காதுமடல் அன்றே அறுந்திருக்கும்.

ஆக, எத்தனை பவுன் என்ற கேள்விக்குப் பழைய நகை நேரான பதில் தராது. பவுன் என்ற அளவே நமக்குப் பிற்காலத்தில் வந்தது. ஆங்கிலேயரின் சாவரின் என்ற பொற்காசு ஏறத்தாழ 7.98 கிராம், 22 காரட். அந்தப் பெயர்தான் நம் வாயில் சவரன் ஆயிற்று. எட்டு கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டோம். அதற்கு முன் கழஞ்சு, மஞ்சாடி, குன்றிமணி. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடியும் குன்றியும் விதைகள்தாம். தராசுத் தட்டில் அவற்றையே இட்டு நிறுத்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்கள். கழஞ்சு ஐந்து கிராமைச் சற்றே தாண்டும். மூன்று கழஞ்சு ஏறக்குறைய இரண்டு பவுன் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கல்வெட்டுக் கணக்குகளைப் படிக்கும்போது திணற வேண்டியதில்லை.

பொன்னின் தரத்துக்கு மாற்று என்று பெயர். பத்தரைமாற்றுத் தங்கம் என்று நல்ல மனிதரைச் சொல்கிறோமே, அது இங்கிருந்து வந்தது. கருப்பு உரைகல்லில் நகையை ஒரு கீற்று உரைப்பார்கள். பக்கத்தில், தரம் தெரிந்த பொன்னூசியால் இன்னொரு கீற்று. இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுச் சொல்வார் பத்தர், அதாவது பொற்கொல்லர். அந்த ஊசிக்கு ஆணி என்று பெயர். ஆணிப்பொன், ஆணிமுத்து என்று உயர்ந்தவற்றைச் சொல்லும் வழக்கு எல்லாருக்கும் தெரியும். இன்றைய கணக்கில் 24 பங்கும் பொன் என்றால் 24 காரட். 22 பங்கு என்றால் நூற்றுக்கு 91.6, அதனால்தான் 916. பழைய நகையில் முத்திரை எதுவும் இருக்காது. முத்திரை இல்லை என்பதால் தரம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது, பழையது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது.

அருங்காட்சியகத்தில் உரைத்துப் பார்க்க மாட்டார்கள். ஒரு கீற்று உரைத்தாலும் ஒரு கீற்று நகை போயிற்று. எக்ஸ்-கதிரை மேற்பரப்பில் பாய்ச்சி, எந்தெந்த உலோகம் எவ்வளவு என்று படிக்கும் கருவி இருக்கிறது, தொடாமலே பார்த்துவிடலாம். ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும், உள்ளே அரக்கா காற்றா என்று சொல்லாது. அதற்கு மருத்துவமனையில் எலும்புக்கு எடுப்பதுபோல் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வேண்டும். கண்ணகி சிலம்பை உடைத்துத்தான் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்று காட்ட வேண்டியிருந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. வெளிவடிவு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நகைகளை உள்ளீடு பிரித்துக் காட்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நம் மொழியில் இல்லை. நமக்கு இப்போது உடைக்கத் தேவை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தஞ்சைக் கல்லில் எழுதிய நகைப் பட்டியல்

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த நகைகளின் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நன்கொடைக் கல்வெட்டு என்றால் புகழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது ஒரு கணக்குப்பிள்ளையின் எழுத்து. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், மணிகள் சேர்ந்த நகையைத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்ததாக எழுதியிருக்கிறார்கள். நகை ஒவ்வொன்றிலும் பொன் எவ்வளவு, வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, முத்து எத்தனை, மொத்த நிறை என்ன, விலை எத்தனை காசு என்று வருகிறது. அந்த நிறையைச் சொல்லும்போது அரக்கும் சேர்த்து என்று குறிப்பும் வருகிறது.

அரக்கு! பேரரசன் இறைவனுக்குக் கொடுத்த நகையில் அரக்கு இருக்கிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. கல்லில் வெட்டி வைத்தார்கள். என் பாட்டிக்கு யாராவது ஒரு துண்டுச் சீட்டில் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் முப்பது ஆண்டு மனத்தாங்கல் மிச்சமாகியிருக்கும்.

முத்தைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பதை இன்னும் மெதுவாகப் படிக்க வேண்டும். முத்து என்று ஒரே சொல்லில் போய்விடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு என்று வகை பிரிக்கிறார்கள். வட்டம் முழு உருண்டை; அனுவட்டம் அதற்கு ஒரு படி கீழே, ஏறத்தாழ உருண்டை; இரட்டை ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது; கறடு சொரசொரப்பானது. அதன்மேல் நீர் பார்க்கிறார்கள்: குளிர்ந்த நீர், சிவந்த நீர். முத்தின் ஒளிக்கு நம் மொழியில் நீர் என்றே பெயர். வைரங்களுக்கோ குறைகளின் பட்டியல்: முறிந்தது, ரக்தபிந்து, காகபிந்து, வெந்தது. சிவப்புப் புள்ளி, காக்கைக் கருப்புப் புள்ளி, தீப்பட்டது. இன்று ஒரு அருங்காட்சியகம் புதிதாக வந்த நகையைப் பதிவேட்டில் ஏற்றும்போது செய்வதும் இதுதான். எடை, அளவு, பொருள், எண்ணிக்கை, குறை. புகைப்படம் ஒன்றுதான் கூடுதல்.

கல்வெட்டில் இருக்கும் அந்த நகைகள் இன்று நம் கையில் இல்லை. அவற்றின் சாயலைப் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி அருங்காட்சியகத்திலேயே இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் நில்லுங்கள். மெழுகில் செய்து உலோகத்தில் வார்த்தபோது ஆரம், தோள்வளை, கடகம், இடையணி எல்லாம் உடம்போடு உடம்பாக வார்க்கப்பட்டன. முத்துச்சரம் தோளில் எப்படிப் புரள்கிறது, அட்டிகை எந்த எலும்பில் உட்காருகிறது என்று அதில் தெரியும். செம்பு விலை குறைந்த உலோகம் என்பதால் தப்பியது. பொன்னில் செய்த மூலம் போயிற்று. அத்தையை அந்தப் பக்கம் அழைத்துப் போய், “உன் தங்கம் இங்கே இருக்கிறது” என்று காட்டினேன். “இது செம்பு” என்றார். இருந்தாலும், இடையணியில் தொங்கும் முத்துக் குஞ்சத்தை விரல் நுனியால் காற்றிலே தொட்டுத் தொட்டு எண்ணினார்.

முத்து, பொன்னுக்கு நேர் எதிர். பொன்னைப் பூமி ஒரு தரம் செய்துவிட்டது. முத்தை ஓர் உயிர் செய்ய வேண்டும். மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று கேட்டு வளர்ந்தோம், மணல் பொடி நுழைந்து முத்தாகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். உண்மையில் மணலுக்கு அதில் பங்கு அநேகமாக இல்லை. சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் காயம்படும்போது, அல்லது ஒட்டுண்ணி ஒன்று குடைந்து நுழையும்போது, அந்தத் தோலின் செல்கள் சில உள்ளே தள்ளப்பட்டு ஒரு சிறு பையாகின்றன. ஓட்டின் உட்புறத்தை எந்தப் பொருளால் பூசுமோ அதையே அந்தப் பை சுரந்துகொண்டே இருக்கும். கால்சியம் கார்பனேட் தகடுகள், அவற்றை ஒட்டும் புரதம், மீண்டும் தகடு. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரை ஈராயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு அளவு. ஒளியின் அலைநீளமும் அந்த அளவுதான். அதனால் ஒளி அடுக்குகளுக்குள் புகுந்து, தெறித்து, கலந்து வெளியே வருகிறது. நம் முன்னோர் நீர் என்றது இதைத்தான்.

கடலூர், புதுச்சேரிக் கடலில் முத்து எடுத்த மரபு இல்லை. முத்து வந்தது தெற்கேயிருந்து, மன்னார் வளைகுடாவின் பார்களிலிருந்து. கடலடியில் சிப்பி படரும் மேட்டுக்குப் பார் என்று பெயர். கொற்கை முத்தைப் பற்றிக் கிரேக்க மாலுமிக் குறிப்பே பேசுகிறது. அங்கே குற்றவாளிகளைக் கொண்டு குளிக்கச் செய்தார்கள் என்கிறது. கல்லைக் காலில் கட்டி இறங்கி, மூச்சு முட்டும்வரை சிப்பி பொறுக்கி, கயிற்றை இழுத்து மேலே வருவது இருபதாம் நூற்றாண்டுவரை நடந்தது. தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல். மற்றொரு பக்கம் பாரசீக வளைகுடா முத்து வந்தது. பசரா முத்து என்று இன்றும் பழைய வீடுகளில் சொல்வார்கள்.

பழைய நகையைப் பார்க்கிறவர் கையில் ஓர் ஆண்டுக் கணக்கு இருந்தால் உதவும். ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் மணி வைத்து அரை முத்தை வளர்த்துக் காட்டினார். முழு உருண்டையான வளர்ப்பு முத்து 1920களில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் கோத்த சரத்தில் அசல் முத்து இருந்தால் அது கடல் தானாகத் தந்ததாகத்தான் இருக்க வேண்டும். இங்கே இரண்டு எச்சரிக்கை. மீன் செதில் சாற்றைக் கண்ணாடி உருண்டைக்குள் பூசிப் போலி முத்து செய்யும் கலை பாரிஸில் பதினேழாம் நூற்றாண்டிலேயே இருந்தது. இன்னொன்று, முத்துச்சரத்தின் நூல் அறும். அறுந்தபோதெல்லாம் யாராவது புதிதாகக் கோத்திருப்பார்கள், காணாமல் போனதற்குப் பதில் புது முத்து சேர்த்திருப்பார்கள். பதக்கம் பழையதாகவும் முத்தில் பாதி இளையதாகவும் இருக்கும் மாலைகள் ஏராளம். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. பல கழுத்துகளில் கிடந்த நகை அப்படித்தான் இருக்கும்.

பேழைக்கு முன்னால் நிற்கும்போது

முதலில் முகப்பைப் பார்க்காதீர்கள். கல்லும் மயிலும் கண்ணைப் பறிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டு ஓரங்களைப் பாருங்கள். கொக்கியும் வளையமும் சேரும் இடத்தில் வளையத்தின் உள்வட்டம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். பொன் பொன்னை உரசித் தேய பல்லாண்டு ஆகும். கடைப் பலகையின் ‘ஆன்டிக்’ நகையில் கருமை இருக்கும், இந்தத் தேய்வு இருக்காது. கருமையை ஒரு மணி நேரத்தில் ஏற்றலாம். தேய்வை யாரோ ஒருத்தி நாள்தோறும் போட்டுக் கழற்றித்தான் உண்டாக்க முடியும்.

கம்பி தெரிந்தால் கம்பியைப் பாருங்கள். கம்பியச்சின் துளைகளில் இழுத்த கம்பியில் நீளவாக்கில் நேர்கோடுகள் இருக்கும். அதற்கும் முந்திய முறையில் தகட்டை நறுக்கிய நாடாவை முறுக்கி உருட்டுவார்கள். திருகாணிபோல் ஒரு கோடு சுற்றிச் சுற்றிப் போகும். அருங்காட்சியகம் பெரிதாக்கிய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கடுகைவிடச் சிறிய பொன்மணிகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அங்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள். பத்தர் பற்றவைக்கும்போது சாதாரணமாகப் பொடி வைத்து ஊதுவார். பொடி என்பது நகையைவிட எளிதில் உருகும் உலோகக் கலவை. ஒருவர் குத்தலாகப் பேசினால் பொடி வைத்துப் பேசுகிறார் என்கிறோமே, அந்தப் பொடிக்கும் பட்டறைதான் பிறந்த வீடு என்பார்கள். ஆனால் இத்தனை சின்ன மணிகளைப் பொடி வைத்து ஒட்டினால் பொடி உருகி மணிகளை மூழ்கடித்துவிடும். பழையவர்கள் செப்பு உப்பைப் பசையோடு குழைத்து, அதில் மணிகளை ஒட்டி, சூடேற்றினார்கள். பசை கரியாகும், கரி செப்பு உப்பைச் செம்பாக்கும், அந்தத் துளிச் செம்பு பொன்னோடு சேர்ந்த இடத்தில் மட்டும் உருகுநிலை இறங்கி, மணியும் தகடும் ஒட்டும் புள்ளியில் மட்டும் இணையும். மூச்சை ஒரு கணம் அதிகம் ஊதினால் முழுதும் உருகிக் கட்டியாகிவிடும். இதைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது.

முத்தில் பார்க்க வேண்டியது துளை. இயற்கை முத்தை எடைக்கு விற்றார்கள். துளை பெரிதானால் எடை போயிற்று. ஆகவே வில் கட்டிய துரப்பணத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய துளை போட்டு நடுவில் சந்திக்க வைத்தார்கள். சில முத்துகளில் சந்திப்பு கொஞ்சம் விலகியிருக்கும். சரத்தில் முத்துகளின் நிறம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஜிமிக்கியின் பாரத்தைத் தாங்கிக் காதிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டலில், தோலை ஒட்டிக் கிடந்த முத்துகள் மங்கியும், வெளிப்பக்கத்தவை நீரோட்டத்தோடும் இருந்தால், எந்தப் பக்கம் கன்னம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

முத்து மங்கும். வியர்வை, வாசனைத் தைலம், எலுமிச்சை, புளி எதுவும் ஆகாது. சுண்ணாம்பு இனமல்லவா, அமிலம் பட்டால் கரையும். பொன்னைப் பூந்திக்கொட்டை நீரில் போட்டுக் கழுவும் வழக்கம் நல்லதுதான், ஆனால் முத்துக் கோத்த நகையை அப்படி ஊறவைத்தால் நூல் இற்றுப்போகும், அரக்கு நெகிழ்ந்துவிடும். அருங்காட்சியகங்கள் பேழையின் மரத்தைக்கூடத் தேர்ந்தெடுத்தே செய்கின்றன. சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி, மூடிய பேழைக்குள் முத்தையும் சிப்பியையும் மெல்ல அரித்து வெண்பொடி பூக்கச் செய்யும். ஈரம் அதிகமானால் பட்டு நூல் பூஞ்சை பிடிக்கும், மிகக் குறைந்தால் முத்து வெடிக்கும். எங்கள் கடற்கரைக் காற்றில் இந்த நடுநிலையைக் காப்பது எளிதல்ல. விளக்கை ஏன் இவ்வளவு மங்கலாக வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சல்படுகிறவர்கள், அது நூலுக்காகவும் துணிக்காகவும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அருங்காட்சியகத்திலிருந்து திரும்பிய வாரம் அத்தை அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். காகிதம் மடிப்பு மடிப்பாக உடைந்தது. பதினேழு முத்துகள். வெள்ளைத் துணியில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் முழு வட்டமில்லை; கல்வெட்டுக்காரர் பார்த்திருந்தால் அனுவட்டம் என்று சில, சப்பத்தி என்று சில எழுதியிருப்பார். ஒன்று இரட்டை. துளைகள் ஊசி நுழையத் திணறும் அளவுக்குச் சிறியவை. நான்கில் நடுச்சந்திப்பு விலகியிருந்தது. ஒரு பக்கம் பழுப்பேறியவை ஐந்து. பாட்டியின் கழுத்துப் பக்கம்.

அத்தையிடம் பாட்டியின் ஜிமிக்கி ஒரு ஜோடி மிச்சம் இருக்கிறது, உருக்காமல். ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்றேன். தெரிந்த பத்தர் ஒருவரின் பட்டறையில் மின்தராசு இருந்தது, நிறுத்தோம். படம் எடுத்தேன். யாருக்கு எப்போது செய்தது, குடையில் எத்தனை முத்து, எதில் கல் விழுந்து மெழுகு அடைத்திருக்கிறது என்று அத்தை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். நிறை என்ற இடத்தில் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அரக்கு உட்பட என்று எழுது.”